பூட்ஸ் இல்லாத ரைட் அவுட்

எங்கள் கான்சாபுரத்துக்கும் புட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மேற்கே மலை, சுற்றிலும் வயலும் தோப்பும் கண்மாயும். வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் சடுகுடு உண்டு, வாலிபால் உண்டு. புட்பால் எங்களுக்கு ஒரு டிரில் மாஸ்டர் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது.

நான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தது 1960களின் தொடக்கத்தில். அப்போது நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல்தான். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம் அது. மதிய உணவுத் திட்டம் வந்த பிறகு, அதுவரை மாடு மேய்த்துக்கொண்டிருந்த பல பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் சாயங்காலம் வரை இருந்தார்கள். சாயங்காலம் வரை பையன்கள் இருந்தால் விளையாட்டும் இருக்கும். காமராஜர் போட்ட சோற்றில் படிப்பு வளர்ந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதில் விளையாட்டும் வளர்ந்தது என்பதற்கு நானே சாட்சி.

அந்த டிரில் மாஸ்டர் வெளியூர்க்காரர். வந்த முதல் வாரமே வாழைநாரையும் கந்தலையும் சுற்றி நாங்கள் உதைத்துக்கொண்டிருந்த பந்தைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு ஒரு தோல் பந்து வாங்கி வந்தார். உள்ளே ரப்பர் பிளாடர், மேலே தோல், வாயைக் கட்ட ஒரு தோல் கயிறு. அந்தக் கயிறு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தடம் இரண்டு நாள் போகாது. மழையில் நனைந்தால் பந்து கல்லாகக் கனக்கும். பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வருவோம். பந்து வீணாகக் கூடாதென்று அதற்கு எண்ணெய் தடவுவது என் வேலை. ஆட்டத்தில் நான் சுமார்தான். அதனால் என்னை ஃபுல்பேக் ஆக்கி, கோல் போஸ்ட் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டமுறை தெரியாது. கோலிக்கு முன்னால் இரண்டு ஃபுல்பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப்பேக், முன்வரிசையில் ஐந்து ஃபார்வர்ட். இரண்டு ஓரத்திலும் ஓடுபவர்களுக்கு லெஃப்ட் அவுட், ரைட் அவுட் என்று பெயர். கோட்டை ஒட்டியே ஓடி, கடைசியில் பந்தை நடுவே தூக்கிப் போட வேண்டும். எங்கள் அணியின் ரைட் அவுட்தான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

அவன் பெயரை எழுத மாட்டேன். "எம் பேரைப் போடாதடா, பேரன் கிண்டல் பண்ணுவான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தவர். ராத்திரி மடை மாற்றப் போகும்போது இவனும் கூடவே போவான். இருட்டில் ஒற்றை வரப்பில் ஓடி ஓடிப் பழகிய கால். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே, அந்தக் கோட்டையே வரப்பாக நினைத்துக்கொண்டு ஓடுவான். பந்து வெளியே போனதாக எனக்கு நினைவில்லை. எதிர் ஃபுல்பேக் மறிக்க வந்தால் சட்டென்று நிற்பான். வந்தவன் வந்த வேகத்தில் கோட்டுக்கு வெளியே போய்விடுவான். மறுபடி ஓட்டம். ஊர்ப் பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்கவே வருவார்கள்.

வேப்பமரத்தடியில் பெண்பிள்ளைகளும் நின்று பார்ப்பார்கள். பந்து அந்தப் பக்கம் போனால் கையால் எடுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஒரு நாள் ஒருத்தி மட்டும் காலால் ஓங்கி உதைத்தாள். பந்து பாதி மைதானத்தைத் தாண்டி நேராக டிரில் மாஸ்டர் கையில் போய் விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். இன்னொரு ஆசிரியர் அவளைத் திட்டி உள்ளே அனுப்பினார். எங்கள் பள்ளியின் மிகச் சிறந்த உதை ஒருவேளை அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

என்னிடம் மட்டும் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். ஊட்டி பக்கம் வெலிங்டனில் அவர்களுக்கு மையம். அங்கிருந்து யாரோ போட்டுக் கழித்த பழைய பூட்ஸைக் கொண்டு வந்து கொடுத்தார். அடியில் தோல் குமிழ்களை ஆணியால் அடித்திருக்கும். எனக்குப் பெரிது. முன்னால் துணி திணித்துத்தான் போடுவேன். பூட்ஸோடு மாமா ஒரு கதையும் கொண்டு வந்தார். பீட்டர் தங்கராஜ் கதை.

பெயரைக் கேட்டாலே நம்மவர் என்று தெரியும். பிறந்தது 1935இல், ஹைதராபாத்தில். செகந்திராபாத்தில் விளையாடத் தொடங்கியபோது அவர் கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்ட். 1953 வாக்கில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தார். அங்கே அவரைக் கோலியாக நிற்க வைத்தார்கள். ஆறடி மூன்று அங்குல உயரம், நீண்ட கை. அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோலி என்று பெயர் வாங்கினார். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றிலும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது.

மாமா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சோறும் பூட்ஸும் பட்டாளம் குடுத்துச்சு. அவனை எங்க நிறுத்தணும்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவ்வளவுதாம்ப்பா" என்பார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

1962இல் நான் ஒன்பதாம் வகுப்பு. செப்டம்பர் 4ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு புட்பால் இறுதி ஆட்டம். நமக்கு எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் அவர்களிடம் 0-2 என்று தோற்றிருந்தோம். ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால், இந்தோனேசிய மக்கள் நம் மேல் கடும் கோபத்தில் இருந்தார்கள். அரங்கம் நிறைய நமக்கு எதிரான கூச்சல். கோலில் தங்கராஜ். ஜர்னைல் சிங் தலையில் தையலோடு, வழக்கமான தடுப்பு இடத்தை விட்டு முன்வரிசையில் நின்றார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று என்று முதல் பாதியிலேயே இரண்டு கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. தங்கம் நமக்கு.

அந்த அணியில் பெங்களூர்த் தமிழர் அருமைநாயகம் இருந்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த யூசுப்கான் என்ற வீரரும் இருந்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு ஒரே குஷி. எங்கள் ஊர்ப் பெயரே கான்சாகிபிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருதநாயகமாகப் பிறந்து யூசுப்கானாகி, மதுரையை ஆண்டு, 1764இல் தூக்கிலிடப்பட்டவர். "கான்சாகிபு திரும்ப வந்து தங்கம் வாங்கிட்டாரு" என்று பஞ்சாயத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அக்டோபர் 20இல் சீனப் போர் தொடங்கியது. ரேடியோவில் வேறு செய்தியே இல்லை. லீவில் வந்திருந்த மாமாவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அந்த அணியின் பயிற்சியாளர் ரஹீம் புற்றுநோயில் இறந்தார். ஆசிய விளையாட்டு ஆண்கள் புட்பாலில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வாங்கவே இல்லை.

இனி பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் புட்பால் நெடுங்காலம் வெறுங்காலில்தான் நடந்தது. 1911இல் மோகன் பகான் வெள்ளைக்காரப் பட்டாள அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றபோது, பதினொரு பேரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் போட்டிருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகவும் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் அடித்த கோல்தான் ஒலிம்பிக் புட்பாலில் இந்தியாவின் முதல் கோல். இரண்டு பெனால்டியை வீணாக்கி 1-2 என்று தோற்றோம். 1952இல் ஹெல்சிங்கியில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று சங்கம் முடிவு செய்தது. பூட்ஸ் போட்ட அணி அடுத்த ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது.

சங்கம் சொல்லலாம். கான்சாபுரத்தில் பூட்ஸுக்கு எங்கே போவது?

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆட்டம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. அதில் நன்றாக ஆடுபவர்களை மேலே ஒரு அணிக்கு எடுப்பார்கள் என்று பேச்சு. காலை முதல் பஸ்ஸில் போனோம். தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இவன் மட்டும் கும்பிடவில்லை. என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைதானத்தில் எதிர் அணியைப் பார்த்ததும் எங்களுக்கு வயிறு கலங்கியது. டவுன் பையன்கள். ஏழெட்டுப் பேர் காலில் பூட்ஸ். இவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் உன் பூட்ஸைக் குடுடா. நீ பின்னாலதான நிக்கப் போற."

"மாமா திட்டுவாருடா" என்றேன்.

மாமா எல்லையில் இருந்தார். திட்ட ஆளே இல்லை. உண்மை என்னவென்றால், அந்த அணியில் என்னை யாராவது திரும்பிப் பார்த்தார்கள் என்றால் அந்தப் பூட்ஸுக்காகத்தான். அதைக் கழற்றிவிட்டால் நான் யாரும் இல்லை. பதினாறு வயதில் இதை இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுக்கவில்லை.

முதல் பாதியில் அவன் இரண்டு முறை பந்தை நடுவில் தூக்கிப் போட்டான். ஒன்று கோல் ஆனது. கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று, இவன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன். இடைவேளைக்குச் சற்று முன்னால் எதிர் ஹாஃப்பேக் ஒருவன் பந்துக்காகக் காலை ஊன்றினான். வேண்டுமென்று செய்யவில்லை. குமிழ் வைத்த பூட்ஸ் இவன் வலது கட்டைவிரல் மேல் இறங்கியது. நகம் பெயர்ந்துவிட்டது. டிரில் மாஸ்டர் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். மறுபடி இறங்கினான். இரண்டு ஓட்டம் ஓடினான். பிறகு உட்கார்ந்துவிட்டான். ஆட்டத்தில் தோற்றோம். எங்கள் பள்ளியிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பூட்ஸ் என் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த ஆண்டோடு எல்லாம் முடிந்தது. உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரனின் புகழ் அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அதற்கு இடம் கிடையாது. நான் அரசு வேலைக்குப் போய் ஊர் ஊராகச் சுற்றினேன். அவன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சேர்ந்தான். 1936இல் முதல் மில் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேருக்கு அதுதானே வழி.

பின்னாளில் விளையாட்டுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியோடு படிப்பது என் பழக்கமாகிவிட்டது. பள்ளியில் மின்னிய பையன்களில் யார் மேலே போனார்கள், எதனால் போனார்கள்?

சைமன் சுந்தர்ராஜ் நம் தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். ஆடி முடித்த பிறகு பயிற்சியாளரானார். 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளா முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையை வாங்கியபோது, அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் மணி. மணியைக் கேரளம் இன்னும் கொண்டாடுகிறது. சைமனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டெல்லியில் 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பை முழுக்க முழுக்கப் பள்ளிகளுக்கானது. 1992இல் அதில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் சிக்கிம் பையன் பாய்ச்சுங் பூட்டியா. பின்னாளில் இந்தியக் கேப்டன். ஒன்பது வயதிலேயே விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்திருந்தது. திறமை அவருடையது. ஆனால் அந்த வயதில் அவரைக் கண்டுபிடிக்க ஒருவர் மலைக்கு ஏறிப் போயிருக்கிறார்.

நம் பக்கத்திலும் உண்டு. கோவில்பட்டியில் ஆக்கி விடுதி இருப்பதால் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994இல் ஹிரோஷிமாவில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்தார், அர்ஜுனா விருதும் வாங்கினார். சென்ற ஆண்டுகளில் அவர் வாழ்க்கையை ஒட்டி சினிமாவே வந்துவிட்டது. கிராமத்துப் பையன் அவ்வளவு தூரம் போக எத்தனை பேர் கை கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2018இல் தேசிய மகளிர் புட்பால் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்தார்கள். மகளிர் புட்பாலில் மணிப்பூரை வெல்வது லேசான காரியம் இல்லை. 2023இல் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம். கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி, சந்தியா என்று இந்திய அணிக்கே போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேப்பமரத்தடிதான் நினைவுக்கு வந்தது. உதைத்ததற்காகத் திட்டு வாங்கிய அந்தப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டுப் போனாளோ.

வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு அவனைத் தேடிப் போனேன். மில்லிலிருந்து அவனும் ஓய்வு. திண்ணையில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே, நாற்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"மாமா திட்டுவாருன்னு சொன்னது பொய்டா."

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"உன் மூஞ்சிலேயே எழுதியிருந்துச்சு. விடு. அந்தப் பூட்ஸைப் போட்டிருந்தா நான் ஓடியே இருக்க மாட்டேன். வரப்புல ஓடின காலுக்குப் பூட்ஸ் எதுக்கு?"

அது உண்மையா, என்னை ஆறுதல் படுத்தச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத பூட்ஸ் சுமைதான் என்று 1948 வீரர்களும் நினைத்திருக்கலாம். ஆனால் ஒன்று தெரியும். பூட்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அன்று அவனுக்கு இருந்திருக்க வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை.

எழுந்து வரும்போது அவன் வலது காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, "காப்பி சாப்டுட்டுப் போடா" என்றான்.

போன வருடம் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புட்பால் ஆடும் பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணுமாக, பதினைந்து ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். பாதிப் பணம் அவனுடையது. காலில் போட்டுக்கொள்வதும் போடாததும் அவர்கள் இஷ்டம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.